அய்யா படுத்துக் கிடந்த மாசி

வெயில் ஏற ஏற, களத்தில் காயும் மிளகாய்ப் பழத்தின் நெடி வீட்டுக்குள் நுழைந்து தொண்டையைப் பிடிக்கும். ஊரே இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் வேலை பார்க்கிற அந்த மாசி மாதத்தில், அய்யா மட்டும் உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார்.

நயினார்கோவிலுக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, செடியில் நோய் விழவில்லை, 'முண்டு' மிளகாய் உருண்டை உருண்டையாய்ச் சிவந்து நின்றது. வீட்டில் சண்டையும் இல்லை, சாவும் இல்லை. அதனாலேயே அய்யாவுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் விளங்கவில்லை. விடியுமுன் புஞ்சைக்குப் போய்விடுகிறவருக்குச் சவரம், குளியல், பேச்சு என்று ஒவ்வொன்றாக நின்றுபோனது. தட்டை முன்னால் வைத்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். கை வாய்க்குப் போகாது.

பழம் பறிக்க வந்த பெண்கள் 'சோம்பல் பிடிச்சிருச்சு' என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அய்யாவின் அண்ணன், என் பெரியப்பா, வாசலில் நின்றே, "ஏலே, ஆம்பளைக்கு அப்படி என்னடா கவலை, எந்திரிச்சு வேலையைப் பாரு" என்று அதட்டினார். அய்யா எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் பழத்தைக் கிண்டிவிட்டவர், அப்படியே குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் 'மஞ்சக்காமாலை' என்று அம்மா சொல்லி வைத்தாள். வீட்டுக்குள் அவள் நடந்துகொண்டது வேறு மாதிரி. செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை எல்லாம் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொன்னாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், "அய்யாவை விட்டுட்டு எங்கனயும் போயிராத" என்று சொல்லிவிட்டுப் புஞ்சைக்குப் போவாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுடைய பயம் மட்டும் எனக்குள் வந்துவிட்டது. அய்யாவின் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மத்தியானம், குடிக்கத் தண்ணீர் நான் மொண்டு வருவதற்குள் கட்டில் காலியாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அம்மா தெருவில் இறங்கி ஓடினாள். நான் கண்மாய்ப் பக்கம் ஓடினேன். கரைக்குக் கீழே, தண்ணீரை ஒட்டி அய்யா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

"வீட்டுக்கு வரணும்னுதான் நெனைக்கிறேன் பாப்பா. எந்திரிக்க முடியல."

பிடித்த கையை விடாமல், அம்மாவின் காதில் விழும்வரை கத்திக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலமே, உச்சிப்புளியில் கட்டிக்கொடுத்திருந்த அத்தைக்கு, அய்யாவின் தங்கைக்கு, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் போன் செய்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை அதட்டவும் இல்லை, அழவும் இல்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இது வந்துச்சுண்ணே, சின்னவன் பிறந்தப்ப. பிள்ளையத் தூக்கக்கூட மனசு வரல. ராமநாதபுரத்துல டாக்டரப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டுத்தான் எந்திரிச்சேன். கிறுக்கின்னு சொல்லுவாகன்னு உங்க யார்ட்டயும் சொல்லல."

அய்யா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "இது சரியாகுமா தாயி?" என்று கேட்டார்.

என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அத்தை சொன்ன ராமநாதபுரத்து டாக்டரிடம் நானும் போனேன். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பலதும் விசாரித்துவிட்டு, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். அம்மா என் விரல்களை நசுக்கினாள். அய்யா ஆமாம் என்று தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்க வாய் வராத கேள்வி அது; கேட்கப்பட்ட பிறகு அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல் எனக்குத் தோன்றியது. இதற்கு மனச்சோர்வு என்று பெயர், இது சோம்பேறித்தனம் இல்லை, காரணம் இருந்தால்தான் வரும் என்றும் இல்லை, மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை தனியே விடாதீர்கள், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார்.

அந்த வாரங்கள்தான் கொடுமையானவை. மாத்திரையால் வாய் உலர்ந்து போகிறது, வேண்டாம் என்பார். அத்தை தினமும் போனில் பேசிப் பேசிச் சாப்பிட வைத்தாள். பாதிப் பழம் செடியிலேயே வதங்கியது. பங்குனி முடிகிற நேரத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, குழம்பில் உப்புப் பத்தவில்லை என்று குறைசொன்னார். உப்பு எடுக்க அடுப்படிக்குள் போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

சில வருஷம் கழித்து மறுபடி ஒருமுறை அது வந்தது. முன்பைவிடச் சீக்கிரம் போனது. போன ஐப்பசியில், வளர்ந்து வெளியூரில் இருக்கிற எனக்கு அய்யாவே போன் செய்து, "நாலஞ்சு நாளாப் பழையபடி இருக்கு பாப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட வா" என்றார். பஸ்ஸில் தெரிந்தவர் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்டதற்கு, மனச்சோர்வுக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாக, எல்லோருக்கும் கேட்கிற சாதாரணக் குரலில் சொன்னார். சிலர் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். அம்மா அந்நாளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய அந்தத் தாழ்ந்த குரல் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது என்பதை அப்போதுதான் கவனித்தேன். ராமநாதபுரத்தில் இறங்கியதும் பின்சீட்டில் இருந்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் வந்து, யாருக்கு என்று சொல்லாமல், அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டாள். அய்யா நின்று, அவளுக்கு வழியும் சொன்னார்.