கூடாரக் கம்பில் கட்டிய தூளி

சமயபுரத்துக்கு நடந்து வருகிற கூட்டத்தாருக்கு மீரானை ‘டென்ட் பாய்’ என்றால்தான் தெரியும். அரியமங்கலத்தில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் குடும்பக் கூடாரங்கள் செய்து, திருவிழா நாட்களில் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் வாடகைக்குப் போடுவார். துணி தைப்பது மனைவி நஜ்முன்னிசா. கம்பு வேலை அவருடையது.

வெகுகாலம் ஸ்டீல் குழாய்தான். ஒரு கூடாரத்துக் கம்புகளைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். பொருத்துகிற இடத்தில் துரு ஏறி, சுத்தியலால் தட்டினால்தான் பிரியும். பெருங்காற்றில் வளைந்துவிட்டால் பிறகு நிமிராது. குவைத்தில் இருந்தபோது பாலைவனத்தில் அரபிக் குடும்பங்களுக்கு மீரான் போட்டதெல்லாம் அலாய் கம்பு, லேசான அலுமினியக் கலவைக் குழாய். ஒரு கையில் அள்ளலாம், துருப்பிடிக்காது, காற்றுக்கு வளைந்துகொடுத்து மறுபடி நிமிரும். தோள்வலி வந்தபிறகு இங்கேயும் அதற்கே மாறினார்.

முதல் வருடம் சில கூடாரங்களுக்கு மட்டும் போட்டார். கூட்டத்தார் கம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்ன பாய், ஒட்டடைக் கம்பை நட்டிருக்கீங்க?” என்று சிரித்தார்கள். இரண்டு குழு வேறு ஆளிடம் போய்விட்டது. மறு வருடம் எல்லாக் கூடாரத்துக்கும் அலாய் போட்டு, கம்புகளுக்கெல்லாம் பழைய குழாயின் அதே பச்சைப் பெயிண்டை அடித்தார். யாரும் தூக்கிப் பார்க்காதபடி தானே முன்னதாகப் போய் நட்டுவைத்தார். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியவில்லை. காற்றடித்தது, மழை பெய்தது, ஒரு கூடாரமும் சாயவில்லை. தன் கணக்கு சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

குவைத்தில் யாரும் கூடாரத்துக்குள் தூளி கட்டியதில்லை. அது அவர் கணக்கில் வரவே இல்லை.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வருடாவருடம் வரும் ஜெகதாம்பாள் குடும்பம், கூடாரத்துக்குள் நுழைந்ததும் முதலில் செய்வது மேல்கம்பில் சேலையைப் போட்டுத் தூளி கட்டுவதுதான். அவள் பிள்ளைகளெல்லாம் அப்படித் தூங்கியவர்கள். அவர்களுக்கு முதன்முதலாக அலாய் கம்பு வந்த இந்த வருடம்தான் மருமகள் வெண்ணிலா தன் பெண்குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டினாள். காற்றைத் தாங்கிய கம்பு நடுவில் தொங்கிய பாரத்தைத் தாங்கவில்லை. மளுக்கென்று முறிந்தது. குழந்தை விழுந்தது தரையில்தான், அடியில்லை. முறிந்த குழாயின் முனைதான் கண்ணில் இறங்கிவிட்டது.

திருச்சி ஆஸ்பத்திரிக்கு மீரான் ஓடியபோது, அந்தக் கண் இனி இல்லை என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஜெகதாம்பாள் மருமகளைத்தான் பேசிக்கொண்டிருந்தாள்: வேகமாக ஆட்டினாளாம், செல்போனில் கண்ணாம், குழந்தையைப் பார்க்கத் துப்பில்லையாம். வெண்ணிலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தொட அவளை விடவில்லை.

தப்பு தன்னுடையது என்று மீரான் சொன்னார். ஜெகதாம்பாள் கும்பிட்டாள். “நீங்க நல்ல மனுஷன் பாய். அவளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க.”

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு துண்டுக் குழாயோடு வந்தார். பழைய ஸ்டீல் ஒன்று, முறிந்த அலாய் ஒன்று. இரண்டும் ஒரே பச்சை. கிழவியின் ஒவ்வொரு கையிலும் ஒன்றாக வைத்தார். ஸ்டீல் வைத்த கை தாழ்ந்தது. அவள் இரண்டையும் கை மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

“முந்தியெல்லாம் நீங்க கட்டினது இந்தக் கனமானதுலங்கம்மா. இந்த வருஷம் அது இல்ல. உங்க மருமகளுக்கு எப்படித் தெரியும்?”

“பெயிண்ட் எதுக்குப் பாய் அடிச்சீங்க?”

யாத்திரைக்காரர்கள் சிரித்தது, குழுக்கள் போனது, எதையும் அந்த வார்டு வாசலில் நின்று சொல்ல முடியாது.

ஜெகதாம்பாள் குழாய்களைத் தரையில் போட்டாள். உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து மருமகள் மடியில் வைத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“பாலு குடு” என்றாள். பிறகு மீரான் பக்கம் திரும்பாமலே, “நீங்க போங்க” என்றாள்.