சாம்பிராணி பாயும் சீனியும்

சேக் தாவூது வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். அவர் ஏறி உட்கார்ந்தால் டிராம் முழுக்கத் தர்கா வாசம் அடிக்கும். ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் அவருக்குச் சாம்பிராணி தரம் பிரிக்கிற வேலை. சுமத்ராவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் கட்டிகளைத் தட்டி உடைத்து, வெள்ளையைத் தனியாகவும் கறுப்பைத் தனியாகவும் ஒதுக்க வேண்டும். மிஞ்சுகிற தூளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கைலியில், தாடியில், நகக்கண்ணில் எல்லாம் அந்தத் தூள்தான். அவர் குடியிருந்த தேக்கா வட்டாரத்தில் போய்ச் சேக் தாவூது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சாம்பிராணி பாய் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

மனுஷருக்கு எதற்கெடுத்தாலும் சாம்பிராணிதான். குழந்தைக்குத் தலை ஈரமா, புகை போடு. கொசுவா, புகை போடு. புருஷன் பெண்டாட்டி சண்டையா, நன்றாகப் போடு, சைத்தான் தலைதெறிக்க ஓடுவான் என்பார். ஊரார் வியாழக்கிழமை அந்தியில் பாத்திஹா ஓதும்போது தணல் மூட்டினால், இவர் வீட்டில் தினமும் மூட்டுவார். அதுவும் சன்னலைச் சாத்திவிட்டுத்தான். புகை வெளியே போனால் பலனும் கூடவே போய்விடும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியிலிருந்து அவரை இறக்க யாராலும் முடிந்ததில்லை.

அவர் மனைவி மைமூன் போன மழைக்காலத்தில் சய ரோகத்தில் மவுத்தாகிப் போனாள். பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் சீனி ஒன்றுதான். ரோச்சோர் கால்வாய் ஓரம் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை மைமூன்தான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்து வளர்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்ததால் சீனி என்று பெயர். கடைசி நாட்களில் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"சீனிய யாருகிட்டயும் உட்டுராதீங்க. அதுக்கு நம்மள உட்டா யாரு இருக்கா?"

"என் ஹயாத்து உள்ளமட்டும் உடமாட்டேன் புள்ள" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள்தான் அவர். தனக்குக் கஞ்சி இருக்கிறதோ இல்லையோ, சீனிக்கு மீன் இருக்கும்.

அந்தச் சீனிக்குத்தான் இருமல் வந்தது. முதலில் எப்போதாவது ஒரு தரம். பிறகு பொழுது சாயும்போதெல்லாம். உடம்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, விலா எலும்பு தெரிய வயிற்றை எக்கி எக்கி இருமும். எதையோ துப்பப் போகிறது என்று பார்த்தால் ஒன்றும் வராது. இருமி ஓய்ந்து, நாம் என்ன தப்புச் செய்தோம் என்கிற மாதிரி அவரைப் பார்க்கும். பாவி மனுஷருக்குப் பெற்ற வயிறு மாதிரி எரியும்.

செய்யாத வைத்தியம் இல்லை. கர்ப்பூரவள்ளிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவினார். கையைப் பிராண்டி வைத்தது. மீன்முள் சிக்கியிருக்குமோ என்று வாயைத் திறந்து பார்த்தார். பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி ஊதி வாங்கி வந்தார். "பூனைக்கா?" என்று லெப்பை சிரித்தபோது, "அதுவும் அல்லா படைச்ச உசுருதானே" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். தெலுக் ஆயர் நாகூர் தர்காவில் நேர்ச்சையும் வைத்தாயிற்று. இத்தனைக்கும் நடுவே, தம்முடைய கைகண்ட மருந்தை விட்டுவிடுவாரா? சீனியை மடியில் வைத்துக்கொண்டு, தணலில் இன்னொரு பிடி தூவுவார். இருமல் கூடக்கூடப் பிடியும் கூடியது.

அப்போது முதலாளி ஒரு வேலையாக அவரை மலாக்காவுக்கு அனுப்பினார். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பின்சந்தில் கறவை மாடு வைத்திருந்த கோவிந்தசாமியின் மனைவி மங்களம், தினம் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். சீனியை அவள் கையில் கொடுத்தார்.

"திரும்பி வர்ற மட்டுந்தான் தங்கச்சி. உசுரு போறாப்புல இருமும், பயந்துராத."

"நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க பாய்" என்றாள் அவள்.

மலாக்காவில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பிக் கப்பலை விட்டு இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார். சீனி வைக்கோல்மேல் மல்லாந்து கிடந்தது. மினுமினுவென்று தேறியிருந்தது. இருமல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நேர்ச்சை பலித்துவிட்டது என்று மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. சீனியை வீட்டுக்குத் தூக்கி வந்தார். சர்க்கரை வாங்கி வந்து, பாத்திஹா ஓதினார். நன்றிக்குக் கழிவுத் தூள் ஆகுமா? பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்த முதல் தர வெள்ளைக் கட்டியை உடைத்துத் தணலில் கொட்டினார். சன்னலையும் கதவையும் சாத்தினார்.

அந்திப் பால் கொண்டுவந்த மங்களம் கதவைத் தள்ளியபோது உள்ளே ஆளே தெரியவில்லை. சீனி வாயைப் பிளந்துகொண்டு, நாக்கு நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அவரோ அழுதுகொண்டே இன்னும் ஒரு பிடி எடுத்தபடி இருந்தார்.

"ஐயோ, என்ன பாய் இது! மனுசரே நிக்க முடியல, வாயில்லாச் சீவன் என்ன பண்ணும்?" என்று கத்தியவள் சன்னலை அடித்துத் திறந்தாள். பூனையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் சீனிக்கு மூச்சு நிதானப்பட்டது. "எங்க கொட்டாயில ஒருநாளாச்சும் இருமுச்சுன்னு நெனக்கிறீங்க? இதுக்கு இளைப்பு. உங்க பொகதான் ஆவல" என்றாள்.

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவளும் கேட்டாளே தங்கச்சி" என்றார்.

"யாரு?"

"மைமூன். அந்தச் சன்னலக் கொஞ்சம் தொறங்களேன், நெஞ்ச அடைக்குதுன்னு எத்தன தடவ கேட்டா. குளுந்த காத்து ஆவாதுன்னு சாத்திச் சாத்திப் பொகயப் போட்டேனே. மடச் சாம்பிராணி நான், அவளுக்கும் இப்புடித்தானே போட்டேன்!"

சய ரோகம்தான் மைமூனைக் கொண்டுபோயிற்று, டாக்டரே சொன்னார். மங்களமும் அதையே சொல்லித் தேற்றினாள். ஆனால் கேட்ட காற்றைக் கொடுக்கவில்லையே என்கிற உறுத்தலுக்கு எந்த டாக்டர் பதில் சொல்வார்?

தணல் சட்டியை அன்றே கால்வாயில் எறிந்தார். வீட்டைக் கழுவித் தள்ளினார். என்ன கழுவி என்ன, வேலையே அதுதானே! வேறு சரக்குக்கு மாற்றிவிடச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினார். "பூனை இருமுதுன்னா? போய்யா, போய் வேலையப் பாரு" என்று அவர் விரட்டினார். குழாயடியில் தோல் உரியத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும், சீனி ஆசையாக மடியில் ஏறும், மார்பில் முகத்தை வைக்கும், உடனே இரும ஆரம்பிக்கும். பிறந்த நாள்முதல் வந்த வாசம் மாதிரி அது அவர் தோலிலேயே ஊறிக் கிடந்தது.

சீனியை மறுபடியும் மங்களத்திடம் கொடுத்தார். இந்தத் தடவை எப்போது திரும்ப வருவேன் என்று சொல்லவில்லை. "குடுத்த வாக்கத் தின்னுட்டேன் தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பார்க்காமல் இருக்க முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. வேலை விட்டு வரும் வழியில் சந்து முனையில், மாடுகள் போகிற பாதைக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்ப்பார். "உள்ள வாங்க பாய்" என்று மங்களம் கூப்பிட்டால், "வேணாம்மா, நல்லாருக்குல்ல, அது போதும்" என்பார்.

ஒருநாள் காற்று கொட்டகைப் பக்கம் திரும்பி அடித்தது. வைக்கோலில் தூங்கிக்கொண்டிருந்த சீனி மூக்கைத் தூக்கிற்று. அவரைக் கண்டுகொண்டது. வாலை நிமிர்த்திக்கொண்டு, மியாவ் மியாவ் என்று கத்திக்கொண்டு பாதையைக் கடந்து ஓடி வந்தது.

அவர் பின்னால் நகர்ந்தார். அது விடவில்லை. காலடிக்கு வர இரண்டு முழம் இருக்கும்போது, வாழ்நாளில் அதை ஒரு அதட்டல் போட்டறியாத சேக் தாவூது குனிந்து கல்லை எடுத்தார்.

"போ! சூ, போங்கறேன்ல!"

சீனி நின்றது. விளையாடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் முன்னால் தரையில் கல்லை விட்டெறிந்தார்.