எண் இல்லாத படகு

அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கிறவளின் விரல்களைப் பார்த்தாலே அவள் பிழைப்பு தெரிந்துவிடும். லிண்டாவின் விரல்கள் அப்படிப்பட்டவை. பாம்பனில் பிறந்து இந்தக் கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். நண்டு கம்பெனியில் கையுறை கேட்ட ஒரே பெண்ணும் அவள்தான்.

"கையுறை போட்டா சதை நழுவும்" என்றான் சூப்பர்வைசர்.

"கை அறுந்தா ரத்தம் கலக்குமே, அத மட்டும் கப்பல்ல ஏத்துவீகளா?" என்றாள். கையுறை இன்னும் வரவில்லை.

அவள் கணவன் டென்னிஸ் வல்லம் என்கிற சிறு நாட்டுப்படகில் போய் நண்டு வலை விடுகிறவன். விசைப்படகில் அவன் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. சிலுவைமுத்து விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி. அவர் படகில் ஓர் ஆளுக்குக் காய்ச்சல். கடலுக்குப் போக மீன்துறையில் அந்த ஆளின் பெயரில் வாங்கிய அனுமதி டோக்கனை வைத்துக்கொண்டு டென்னிஸை ஏற்றிப் போனார்கள். மறுநாள் படகு வந்தது. அவன் வரவில்லை.

டோக்கனில் பெயர் இல்லாதவனை ஏற்றியது தெரிந்தால் படகைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஆகவே சிலுவைமுத்து காவல் நிலையத்தில் சொன்னார்: டென்னிஸ் என் படகில் ஏறவே இல்லை, கேரளாவில் எவள் கூடவோ இருப்பான். கூடப் போனவர்களும் அதையே ஒப்பித்தார்கள். அவர்களில் ஒருவன் ரீகன், லிண்டாவின் அக்கா புருஷன். கரையில் நின்று பார்த்த ஊரும் வாய் திறக்கவில்லை. கடலில் விழுந்த ஒருவனைத் தேடக்கூட யாரும் போகவில்லை, ஏனென்றால் அவன் கடலுக்கே போகவில்லை.

பங்குச்சாமியார் ஜெபிக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் காத்திருக்கச் சொன்னார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று லிண்டாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: என் புருஷன் ஓடிப்போகவில்லை, உங்கள் படகில் ஏறிச் செத்தான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் ஊரில் பாரம்பரிய விழா நடத்தினார்கள். டென்னிஸ் காணாமல் போவதற்கு முன்பே ஒரு டிரஸ்ட் வந்து இளைஞர்களுக்குக் கேமரா கொடுத்துப் பழக்கியிருந்தது. அவர்கள் எடுத்த படங்களும் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகத் தொங்கின. மகள் ஆஸ்லின் வரைந்த திருக்கை மீனைப் பார்க்கத்தான் லிண்டா போனாள். எதிர்த் தட்டியில் டென்னிஸ் நின்றுகொண்டிருந்தான்.

முதல் பரிசு வாங்கிய படம். காலை வெளிச்சத்தில் கரையை விட்டுக் கிளம்பும் விசைப்படகு, அதன் முனையில் கயிற்றைச் சுருட்டியபடி அவன். கீழே 'கடல் தாயின் மடியில்' என்று எழுதியிருந்தார்கள். பிள்ளையை விழுங்கிவிட்டு, அதை வெளியில் சொல்லவும் விடாத தாய்.

விசைப்படகில் அவன் இருக்கும் படம். அவன் ஏறியதோ ஒரே தடவை. படகின் எண் மட்டும் தெரிந்தால் போதும், சிலுவைமுத்துவின் பொய் முடிந்துபோகும். லிண்டா படத்தில் மூக்கு உரச எண்ணைத் தேடினாள். முனையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைப் பெயிண்ட். எல்லா விசைப்படகுக்கும் அதே பச்சை.

படம் எடுத்த ஜெனிஷ் பக்கத்தில்தான் நின்றான்.

"தம்பி, நம்பர் எங்க?"

"அழிச்சுட்டேன்க்கா. எழுத்து இருந்தா பாக்குறவுக கண்ணு அங்கன போயிரும்னு பயிற்சிக்கு வந்த சார் சொன்னாரு."

"அழிக்காத படம்?"

"அது கேமரா கார்டுல இருந்துச்சு. டிரஸ்ட்டுல கார்ட திருப்பி வாங்கிக்கிட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திருப்பாலைக்குடி புள்ளைகளுக்குக் குடுத்தாச்சாம்." தலையைக் குனிந்தான். "அண்ணன் நெனப்பா இருக்கட்டும்னுதான்க்கா இந்தப் படத்தப் போட்டிக்குக் குடுத்தேன்."

"நெனப்பு எங்கிட்ட நெறைய இருக்கு. நீ நம்பர வச்சிருக்கலாம்."

சாயங்காலத்துக்குள் செய்தி பரவியது. பெண்கள் வந்து அழுதார்கள். ஒருத்தி படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள், அதைப் பார்த்து இன்னொருத்தி ஏற்றினாள். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல மறுத்த அத்தனை பேரும் மெழுகுவத்தியோடு வந்தார்கள். கடைசியில் சிலுவைமுத்து வந்தார், ரீகனைக் கூட்டிக்கொண்டு. கையில் பெரிய மல்லிகை மாலை. யாரும் தடுக்கவில்லை. படத்துக்குப் போட்டார்.

"சம்மாட்டி, எதுக்கு மாலை?" என்றாள் லிண்டா.

"நம்ம ஊருப் பய. ஒரு மாலை போடக் கூடாதா?"

"உசுரோட இருக்கவுக படத்துக்கு நம்ம ஊர்ல மாலை போடுவாகளா? கேரளாவுல இருக்காகன்னுதான ஸ்டேஷன்ல சொன்னீக. செத்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிலுவைமுத்துவின் கை மாலையை எடுக்கப் போய்ப் பாதியில் நின்றது. எல்லாருக்கும் கேட்டது, எல்லாருக்கும் புரிந்தது.

லிண்டா ரீகன் பக்கம் திரும்பினாள். "மச்சான், இப்பவாவது சொல்லுங்க."

"நாளைக்குத் தொழிலுக்குப் போகணும்ல லிண்டா" என்றான் ரீகன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மற்றவர்கள் மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் அணையாமல் கையால் மறைத்தார்கள். அந்தக் கைகளில் ஒன்றுகூட ஒரு கையெழுத்துப் போட வராது.

அவள் மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். பிள்ளைகளின் மேசையிலிருந்து ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, படகின் முனையில் எண் இருந்த இடத்தில் முழு எண்ணையும் எழுதினாள். மனப்பாடமாகத் தெரியும், தினமும் கரையில் பார்க்கிற எண். அது தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"பரிசு வாங்குன படத்தக் கெடுத்துட்டீங்களேம்மா" என்று விழாக்காரர் ஒருவர் வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் லிண்டா அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனாள். இன்ஸ்பெக்டர் விரலை நாக்கில் தொட்டு எண்ணின் மேல் தேய்த்தார். மை விரலில் ஒட்டியது.

"நீயே எழுதிக்கிட்டு வந்தா இது சாட்சியாம்மா?"

அவள் கம்பெனிக்குப் போகும் வழியில்தான் படகுத்துறை. சிலுவைமுத்துவின் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எண் வெள்ளையில் பெரிதாகத் தெரிந்தது. ரீகன் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான்.