சைபர் போடாத கரை

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. எங்கள் மீன்பிடிக் காரியாலயத்துக்குப் போன வருடம் மாற்றலாகி வந்த அதிகாரியைத்தான் சொல்கிறேன்.

கற்பிட்டிப் பக்கத்துக் கரைகளில் எந்தப் படகு எவ்வளவு மீன் கொண்டுவந்தது என்று மீனவர்களே தினமும் எழுதி எங்களுக்கு அனுப்புவார்கள். படகு போகாத நாளிலும், எவரும் கடலுக்கு இறங்காத வெள்ளிக்கிழமையிலும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். சைபர் போடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "படகுக்கு நேர சைபர் போட்டா அல்லாஹ் தார பரக்கத் போயிடும் மகள், எங்கட கையால அத எழுதமாட்டம்" என்றார்கள். சரி, தொலையட்டும் என்று, கணக்குப் பார்க்குமுன் வெறுங்கட்டங்களை நானே சைபராக்கிவிடுவேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் முக்கால்வாசிக் கட்டம் வெறுமைதான். வெள்ளைக்காரர் களப்புத் தண்ணீரில் பலகைமேல் நின்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி விளையாடுவார்கள்; எங்கள் படகுகள் கரையில் கிடக்கும். மீன் இல்லையென்று அறிக்கை போனால்தான் உலர் உணவு நிவாரணம் வரும். என் தங்கை மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரு சின்னப் படகு. அந்த அரிசியும் பருப்பும் வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

அறிக்கை அனுப்பவேண்டிய காலை நான் போனபோது, என் கதிரையில் அதிகாரி இருந்தார். நாங்கள் பாவிக்கும் மென்பொருளில் ஆயத்த வேலைகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும்: எண்ணு, சராசரி எடு, கோடு வரை. ஒன்றைத் தெரிவுசெய்து, எந்தப் பத்தி என்று காட்டி, ஓடவிட்டால் போதும். அவர் தெரிவுசெய்திருந்தது, 'வெற்றிடத்தைச் சராசரியால் நிரப்பு'.

"ஐயோ சேர், அது வேணாம்! வெறுங்கட்டம் எண்டா அண்டைக்கு மீன் இல்ல. முதல்ல எண்ணுற வேலைய ஓடவிட்டு, எந்தெந்த நாள் வெறுமையா கிடக்கு எண்டு பாருங்க."

"பிள்ள, இது நிபுணர்மார் செஞ்சு வச்ச வேலை. நமக்கென்ன தெரியும்?"

நமக்கென்ன தெரியுமாம்! எந்த வேலையை எதற்கு எடுப்பது என்று தெரியாத மனிசனுக்குக் கதிரை எதற்கு? நான் கத்தக் கத்த அறிக்கையை அனுப்பிவிட்டார்.

பிறகு நடந்த மீனவர் கூட்டத்தில் வரைபடத்தைச் சுவரில் காட்டினார். காற்று மாதங்களிலும் கோடு இறங்கவேயில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் மீன். ஆகவே இந்த முறை நிவாரணம் தேவையில்லை என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டதாம். தங்கை மாப்பிள்ளை எழும்பினார்.

"சேர், வெள்ளிக்கிழமை நாங்க கடல்ல நிண்டா, பள்ளியில ஜும்ஆ தொழுதது ஆரு?"

சனம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "கொம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது" என்றார்.

அன்றைக்கே சைபர் போட்டுத் திரும்ப ஓடவிட்டு, கோடு அடியில் கிடப்பதை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். "போன அறிக்கைய மாத்தேலாது. அடுத்த வருஷம் பாப்பம்" என்றார். பிள்ளைகளும் அடுத்த வருடம்தான் சாப்பிடவேண்டுமா? அந்த மேசையை அப்படியே புரட்டிப்போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

பின்னேரம் தங்கை வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளுக்குக் கடனுக்கு வாங்கிய அரிசிச் சோறும் தேங்காய்ச் சம்பலும் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெறும் கறிச்சட்டியை எடுத்து நீட்டினாள்.

"ராத்தா, உங்கட கொம்பியூட்டர் பிடிச்ச மீன்ல ஒரு கறிக்காச்சும் தாங்களேன்."

பகிடிக்குச் சொல்கிறாள் என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் சட்டியை இறக்கவேயில்லை.