வெள்ளையாய்ப் பழுத்த இரும்பு

உலையில் கிடக்கும் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, கடைசியில் கண் கூசும் வெள்ளையாய்ப் பழுக்கும்போது வீசும் அனலை, விசுவமடுச் சந்திக்குப் பக்கத்திலிருந்த "கம்மாலை" என்ற கொல்லுப்பட்டறையின் வாசலில், கொல்லர் என் அப்பாவின் மண்வெட்டியை அடித்து முடிக்கும்வரை நின்று, முகத்தில் பலமுறை வாங்கியிருக்கிறேன். மின்சாரம் இல்லாத யுத்தகாலம் அது; வீட்டில் ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்குத்தான்.

எட்டாம் வகுப்பில் படித்தபோது கிளிநொச்சியில் நடந்த ஆங்கிலச் சொற்போட்டிக்கு அம்மா என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போனார். கடைசிச் சுற்றில் எனக்கு வந்த சொல் "இன்கண்டெசென்ட்". கடுஞ்சூட்டில் ஒளிர்வது என்று பொருள் சொன்னேன். உதாரணம் கேட்டார்கள். உலையில் வெள்ளையாய்ப் பழுத்த இரும்பு என்றேன். நடுவர் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"பிழை. பல்ப் எண்டு சொல்லவேணும். நீர் பல்ப் எரிஞ்சு கண்டிருக்கிறீரோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அம்மா எழுந்தார். "ஐயா, பிள்ளை தான் கண்டதைத்தானே சொன்னது. அதிலை என்ன பிழையெண்டு சொல்லுங்கோ."

"போட்டியைக் குழப்பாதேங்கோ. இருங்கோ அம்மா."

அம்மா இருக்கவில்லை. மேடைக்கு வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். பரிசு போனதைவிட, அம்மாவின் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லாததுதான் எனக்கு ஆறவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு வவுனியாவில் ஒரு நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். வெண்மையாய் ஒளிர்வதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம் "இன்கண்டெசென்ட்". மெழுகுதிரிக்கான ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர். பல்ப் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, சூட்டில் வெளுத்து ஒளிரும் பொருளுக்கு அந்தச் சொல் வழங்கியிருக்கிறது. பொங்கியெழும் கோபத்துக்கும் அதையே சொல்வார்களாம். வாசித்து முடித்தபோது எனக்கு வந்ததும் அந்தக் கோபந்தான். தாளில் இருந்த ஒற்றை விடைக்கு அப்பால் எதுவும் தெரியாத மனிதர், தெரிந்த பிள்ளையைச் சபையில் வைத்துக் கேலி செய்திருக்கிறார்.

இன்று கம்மாலை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. கம்பி பழுத்து எரியும் அந்தப் பல்பும் மாங்குளம் கடைகளில் இல்லை. போன கிழமை அம்மாவிடம் சொன்னேன்: "அண்டைக்கு நான் சொன்னது சரிதானம்மா, அகராதியிலை இருக்கு."

அம்மா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து தலை நிமிரவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தாளுக்கெல்லோ நீ அதைக் காட்டியிருக்கவேணும்."