பதினேழு பேரும் ஒரு பாஸ்போர்ட்டும்

விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பும் தொழிலில் விமானத்தால் ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. தொல்லையெல்லாம் விமானத்தில் ஏறப் போகாதவர்களால்தான்.

கீரனூரில் சவரி அண்ணனின் டிராவல்ஸ் ஆபீஸ். ஒரு வேன், இரண்டு கார், ஒரு மேஜை, ஒரு போன். மேஜையும் போனும் என் பொறுப்பு. காலையில் திருச்சி ரோட்டிலேயே இருக்கிற பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். அங்கே, எந்தக் காரியத்தையும் குறைந்த உழைப்பில் முடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். மத்தியானம் கீரனூருக்கு வந்து, ஒரே ஆளை வழியனுப்பப் பதினாறு பேர் போகிற வேனுக்கு புக்கிங் எழுதுகிறேன். எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயம் கேட்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? உங்கள் வீட்டிலும் ஒருவராவது வெளிநாடு போயிருப்பார். நீங்களும் அந்த வேனில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டிருப்பீர்கள், இல்லையென்றால் அந்தச் சண்டையை விலக்கியிருப்பீர்கள். ஆகவே என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஊருக்கு முன்னாலேயே

பெரிய ஊர்களில் விமான நிலையம் ஊரைத் தாண்டி எங்கோ இருக்கும். ஊருக்குள் நுழைந்து, நெரிசலில் வெந்து, மறுபக்கம் வெளியே வந்தால்தான் கண்ணில் படும். எங்களுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. கீரனூரில் கிளம்பினால் மாத்தூர், அதற்கப்புறம் விமான நிலையம், அதற்கும் அப்புறம்தான் திருச்சி. நிதானமாகப் போனாலும் நாற்பது நிமிடம். இப்படி ஒரு வரத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஜனம் என்ன செய்கிறது தெரியுமா? விமான நிலைய வாசலைக் கடந்து திருச்சிக்குள் போய், நெரிசலில் வெந்து, திரும்பி வருகிறது.

குளத்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மகன் துபாய் போகிறானாம், பன்னிரண்டு பேருக்கு வேன் வேண்டுமாம். மாலை ஐந்து மணி விமானத்துக்குக் காலை எட்டுக்கே கிளம்ப வேண்டும் என்றார். பையனோடு அம்மா அப்பா மட்டும் ஒரு காரில் போகலாம், ஒரு மணிக்குக் கிளம்பினாலே தாராளம் என்று கிலோமீட்டர் கணக்கோடு விளக்கினேன். குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நிஜமாகவே புரியாதவராகக் கேட்டார்: "ஏர்போர்ட்டுக்கு மட்டும் போயிட்டு வாரதுக்கு எதுக்கும்மா வண்டி?"

முதலில் கிளம்பிய பெட்டி

நல்ல நேரம் விடியற்காலையிலும் விமானம் சாயங்காலத்திலும் அமைந்துவிட்டால் அதற்கும் எங்கள் பக்கம் வழி உண்டு. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பரஸ்தானம் என்பார்கள். ஆள் சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பின்னால் வரலாம். நான்கூட இதில் குறை சொல்லமாட்டேன். மூளை உள்ள யாரோ கண்டுபிடித்தது.

ஆனால் அண்டக்குளம் ரோட்டில் ஒரு வீட்டில் பெட்டியோடு பாஸ்போர்ட்டையும் பரஸ்தானம் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அதை உள்ளே பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு விராலிமலைக்குக் காதுகுத்துக்குப் போய்விட்டார். எங்கள் கார் வாசலில் நிற்கிறது. மலேசியா போக வேண்டிய பையன் பூட்டைப் பார்த்தபடி தெருவில் நிற்கிறான். நான் ஆபீசிலிருந்து எதிர்வீட்டுக்காரரைப் போனில் பிடித்து, பூட்டை உடைக்க அனுமதி கேட்டேன். மனிதர் ஒரு நொடி தயங்கவில்லை: "தாராளமா ஒடைக்கச் சொல்லும்மா. ஆனா எமகண்டம் முடியட்டும், பூட்டு புதுசு."

டவுனைப் பார்த்துவிட்டு

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஜெசிந்தா அக்காவின் விஷயம் அப்படியில்லை.

ஆவூரைச் சேர்ந்தவர். நர்சு. அப்பா இல்லை, அம்மா லூர்தம்மா மட்டும்தான். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்க மூன்று வருஷம் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதினார். கடைசியில் கிடைத்தது. காலை பதினொன்றே காலுக்குத் திருச்சியிலிருந்து விமானம். குடும்பத்தின் மூத்தவர், ஜெசிந்தா அக்காவின் பெரியப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரே வந்து எங்கள் வேனை புக் செய்தார். பதினேழு பேர்.

ஆறரைக்குக் கிளம்பிய வேன் ஏழு மணிக்கு விமான நிலைய வாசலைத் தொட்டது. அங்கேயே இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "இவ்வளவு வெள்ளன போயி என்ன செய்ய? டவுனுக்கு விடு" என்றார் பெரியப்பா. மலைக்கோட்டை அடிவாரத்தில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். பதினேழு பேரும் ஒரே ஓட்டலில் இட்லி சாப்பிட்டார்கள். பெரிய கடைவீதி திறக்கட்டும் என்று காத்திருந்து பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கினார்கள். திரும்பும்போது டோல்கேட்டில் வண்டிகள் நகரவில்லை. விமான நிலையத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். பெட்டி வாங்கும் கவுண்ட்டரை மூடியிருந்தார்கள்.

ஜெசிந்தா அக்கா வாசல் காவலரிடம் ஒன்றும் கேட்காமல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். பெரியப்பாதான் வாதாடினார். வேனை ஓட்டிப் போயிருந்த சவரி அண்ணன் வந்து அப்படியே சொன்னார். காவலரின் தோளுக்கு மேலாக விரலை நீட்டிப் பெரியப்பா கேட்டது இதுதான்: "பிளேன் அங்கதான நிக்குது, கண்ணுக்குத் தெரியுதுல்ல? பஸ்ஸுன்னா கைய காட்டுனா நிப்பாட்டுவானா, மாட்டானா?"

மூன்று பேர் திட்டம்

குவைத் ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை, அதே பதினொன்றே கால் விமானம். விசாவின் கெடு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழன் விட்டால் மூன்று வருஷமும் போச்சு, மறுபடி பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியப்பா மறுபடியும் வேன் புக் செய்ய வந்தார். நான் விடவில்லை. தாளில் கோடு போட்டு, ஆவூர், மாத்தூர், விமான நிலையம் என்று மூன்று புள்ளி வைத்துக் காட்டினேன். ஒரு கார், மூன்று பேர், அரை மணி நேரம். சவரி அண்ணன், வேன் வாடகை கைவிட்டுப் போகிறதே என்று கூடப் பார்க்காமல், "பாப்பா சொல்றது சரிதாங்க சார்" என்றார். பெரியப்பா தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார்.

"தகப்பன் இல்லாத புள்ளன்னு நாளைக்கு எவனும் சொல்லிறக் கூடாது. ஊரு கூடி அனுப்புவோம்."

"ஊரு கூடித்தான சார் போன வாரம் அனுப்பாம விட்டுச்சு?"

அவர் கோபப்படவில்லை. நாற்பது வருஷம் வகுப்பறையில் கேள்வியை வாங்கிப் பழகியவர். "வாய் இருக்கு ஒனக்கு" என்று பாராட்டிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, கரும்பலகையில் கடைசி வரி எழுதுகிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்: "செத்தாத் தூக்க நாலு பேரு வேணுங்கிறோம். உசுரோட போறவளுக்கு மூணு பேரு போதுங்கிறியா?"

நான் பேனாவை எடுத்து வேன் புக்கிங்கை எழுதினேன்.

லூர்தம்மாவின் வழி

மறுநாள் லூர்தம்மா தனியாக பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமலே பேசினார். பெண் வியாழக்கிழமை போயாக வேண்டும், பெரியவர் மனமும் நோகக் கூடாது, ஏனென்றால் பெண் போன பிறகு தனக்கு இருக்கிற ஒரே துணை அந்த வீடுதான். காரில் அம்மாவும் பெண்ணும் மட்டும் விடிந்ததும் கிளம்பிவிடலாமே என்றேன். இல்லையென்று தலையாட்டினார். தான் வீட்டில் இல்லையென்றால் அடுத்த நிமிஷம் பெரியவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பெண் மட்டும் போகட்டும், தான் வேனில் மற்றவர்களோடு வருகிறேன் என்றார்.

வேன் வருவதற்குள் விமானம் போய்விடுமே என்று கேட்க நினைத்தேன். அந்தக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. டிக்கெட்டைப் பெரியவர் போனில் வாங்கிப் பார்த்தாராம். அதில் கடைசியில் இருந்த ஒன்று நாற்பதைப் பார்த்து, விமானம் மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு என்று முடிவு கட்டி, எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். போன தடவையும் காலை விமானம்தானே என்று யாரோ கேட்டதற்கு, கம்பெனிக்காரன் நேரத்தை மாற்றிவிட்டான் என்று விளக்கமும் கொடுத்துவிட்டார். அது குவைத்தில் இறங்குகிற நேரம், அந்த ஊர்க் கடிகாரப்படி. பிறந்ததிலிருந்து யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தியே பழகிய நான், முதல்முறையாக ஒரு தப்பை அப்படியே விட்டுவைக்கச் சம்மதித்தேன்.

பெட்டிகளை முதல் நாளே, எடை பார்க்க என்று சொல்லி எங்கள் ஆபீசுக்கு எடுத்துவந்துவிடுவது. காலையில் ஜெசிந்தா அக்கா பூசைக்குப் போவார், கோயிலுக்குப் பின்னால் கார் நிற்கும். லக்கேஜோடு வேனில் இடம் போதாது, பெண் காரில் முன்னால் போயிருக்கிறாள் என்று லூர்தம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். எல்லாம் பேசி முடித்தபின், கடைசியாக ஒருமுறை கேட்டேன், நீங்களாவது காரில் வரக்கூடாதா என்று.

"நான் ஏறுனா பெரியவரும் ஏறுவாரு பாப்பா. பெரியவரு ஏறுனா டவுனும் கூடவே வரும்."

அழ ஒரு ஆள்

வியாழன் காலை சவரி அண்ணனே கார் ஓட்டினார். நானும் போனேன், என் திட்டத்தை என் கண்ணாலேயே பார்க்க வேண்டாமா? ஆவூரிலிருந்து இருபத்தெட்டு நிமிடம். எட்டு மணிக்குப் புறப்பாட்டு வாசலில் நிற்கிறோம். நெரிசலில்லை, தள்ளுமுள்ளு இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம்.

ஜெசிந்தா அக்கா மட்டும் உள்ளே போகவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்தபடியே நின்றார். பக்கத்தில் ஒரு குடும்பம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "காலையில அம்மா நெத்தியில சிலுவை போட்டுச்சு, திரும்பி அடுப்படிக்குப் போயிருச்சு. யாருமே அழல. ஏதோ மாத்தூருக்கு மருந்து வாங்கப் போற மாதிரி இருக்கு" என்றார். கால் நகரவில்லை. எட்டேகால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. கவுண்ட்டரில் வரிசை நீள்கிறது. நான் அழ முயன்றேன். எனக்கு ஆத்திரம் வந்தால்தான் கண்ணீர் வரும். அன்றைக்குப் பார்த்து ஆத்திரப்பட ஒன்றுமில்லை, எல்லாம் என் திட்டப்படி நடந்திருந்தது.

திரும்பிப் பார்த்தால் சவரி அண்ணன் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறார். இந்த வாசலில் எத்தனை நூறு பேரை இறக்கிவிட்டவர். ஒரு தடவைகூடக் காரை விட்டு இறங்காதவர். ஜெசிந்தா அக்கா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். அவருக்கும் கண் நிறைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார்: "போதும்ணே. இப்பத்தான் குவைத்துக்குப் போற மாதிரி இருக்கு."

இரண்டு மணி நேரம் முன்னால்

நான் அங்கேயே காத்திருந்தேன். செய்ததை ஒளிந்து நின்று மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. பதினொன்று இருபதுக்கு விமானம் கிளம்பிப் போனது. பதினொன்று நாற்பதுக்கு வேன் வந்தது. பதினாறு பேர் இறங்கினார்கள். பெரியப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "பாத்தியா, இந்தத் தடவை ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. டவுனுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அவர் கணக்குப்படி ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

டிக்கெட்டை என் போனில் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பின்னால் பதினைந்து பேரும் நின்றார்கள். "அந்த ஊருக் கடிகாரத்த நம்ம ஊரு டிக்கெட்டுல எதுக்குப் போட்டான்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவர் தப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் திருத்த ஒன்றுமில்லை. பிறகு, "சரி, போய்ட்டாள்ல. அது போதும்" என்று சொல்லிக்கொண்டே போய் வேனில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் பின்னாலிருந்து லூர்தம்மாவின் அழுகை கிளம்பியது. விமானம் போய்விட்ட செய்தி அவருக்கு இப்போதுதான் தெரிந்தது என்று நினைத்து எல்லோரும் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். நடிப்பில் இவ்வளவு தத்ரூபம் கூடாது என்று நினைத்தபோதே, என் கையை இறுக்கினார்.

மற்றவர்கள் தண்ணீர் வாங்கப் போனபோது, என் காதருகில் சொன்னார்: "டவுன்ல ஓட்டல் வாசல்ல நிக்கையில தலைக்கு மேல ஒரு பிளேன் போச்சு பாப்பா. எல்லாரும் அண்ணாந்து பாத்தாக. நான் பாக்கல, பாத்திருந்தா மூஞ்சி காட்டிக் குடுத்துருக்கும்."

திருச்சி விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போக என்ன வழி என்று போனில் கேட்கிறவர்களுக்கு அரை மணி நேரம், ஒரு கார் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். விமானம் தலைக்கு மேல் போகையில் வீட்டில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன்.