வந்தவாசியில் யார் ஜெயித்தார்கள்

நூம்பல் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். வசந்தகுமாரி அங்கே சரித்திரம் எடுப்பவர். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் கபடி ஆடி வளர்ந்தவர். அவர் பாடத்தில் எட்டாம் வகுப்பு தூங்கி வழியும். பள்ளியை நடத்தும் கன்னியப்பனுக்கு அந்தப் பீரியடைப் பிடுங்கி நீட் கோச்சிங்குக்குக் கொடுக்க ஆசை.

"செத்துப்போன ராஜாவப் படிச்சிக்கினு இன்னா டீச்சர் ஆவப்போவுது?" என்றார்.

"அரையாண்டு வரைக்கும் டைம் குடுங்க சார். மார்க்கு வரலைன்னா எடுத்துக்குங்க," என்றார் வசந்தகுமாரி.

பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்துப் போனார். ஒரு அணி ஆங்கிலேயர், ஒரு அணி பிரெஞ்சுக்காரர். "கபடி, கபடி" என்பதற்குப் பதில் "வந்தவாசி, வந்தவாசி" என்று மூச்சுப் பிடித்துப் பாடிப் போக வேண்டும். தொடப்பட்டவர், வசந்தகுமாரி கேட்கும் பாடக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அவுட் இல்லை. அதற்காகவே மக்குப் பிளாஸ்திரிகள்கூடப் புத்தகத்தைப் புரட்டின. ஒவ்வொரு போருக்கும் ஒரு ஆட்டம், அணிகளுக்கும் அந்தப் போரின் பேர்கள். ஜெயித்த அணித் தலைவரின் கையை வசந்தகுமாரி தூக்கிக் காட்டுவார். அவரை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் பேனாவை மூடிவிட்டார். வாங்கிப் பார்த்தேன். தளபதிகள் பேர், கோட்டை, காரணம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. முடிவு மட்டும் மைதானத்தில் நடந்தது. வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் வென்றிருந்தார்கள். ஆங்கிலத் தளபதிக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. நாலாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் ஜெயித்துச் சௌக்கியமாக வீடு திரும்பியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மறுநாள் வகுப்பில் அவர் விளக்கியது பக்கத்து அறையிலிருந்த எனக்குக் கேட்டது. "வந்தவாசியில ஜெயிச்சது ஆங்கிலேயர். புத்தகத்துல இருக்கில்ல?"

பிரெஞ்சு அணித் தலைவி சௌம்யா விடவில்லை. "புக்குல ஆயிரம் போட்டுருப்பான் மிஸ். நாங்கதான ஜெய்ச்சோம்? நீங்கதான என் கைய தூக்கி வுட்டீங்க?"

தோற்றுப்போன ஆங்கிலத் தளபதி கௌதமும், "ஆமா மிஸ், என் காலு இன்னும் வலிக்கிது," என்றான்.

மார்க் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கன்னியப்பன் திட்டக்கூட இல்லை. அடுத்த வாரமே கோச்சிங் ஆசாமி வந்து நின்றார். சரித்திரத்தைப் பிள்ளைகள் வீட்டில் படித்துக்கொள்ள வேண்டுமாம். கிழித்தார்கள். வசந்தகுமாரி இப்போது ஆறாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சி பார்க்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் மறித்து, "அடுத்தது யாருக்கும் யாருக்கும் சண்டை மிஸ்?" என்று கேட்கின்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்.

என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். "ஒண்ணுமே தெரியாம இருந்திருந்தாலாவது பரவால்ல டீச்சர். இப்போ தப்பாத் தெரிஞ்சிக்கினு போறாங்க. திருத்த எனக்குப் பீரியடு இல்ல."